பதினேழாம் இலக்கத்தின் கை

ஓம், பதினேழு. கழுத்தில தொங்கிற ஐடி காட்டில கிடக்குத்தானே மிஸ். மதுஷிகா, நறுவிலிக்குளம். வயது இருபத்திநாலு. ஏன், கண்ணைப் பாக்கிறீங்கள்? அது அப்பிடித்தான். குளிர் அறைக்க எட்டு மணித்தியாலம் நிண்டிட்டு வந்தால் ஆற்ர கண்ணும் சிவக்கும். தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில தெரியிறது ரெண்டு கண் மட்டும். அதில பாத்தால் நாங்கள் எல்லாருமே கிழவியள்தான்.

பொறுங்கோ, அமத்திறன். அமத்தத்தானே வந்தனான். கை விறைச்சுப்போய்க் கிடக்கு, கொஞ்சம் சூடு வரட்டும். போனமுறை நீங்கள்தானே சொன்னனீங்கள், ஐஸ்தட்டில இருந்து வந்த உடன அமத்தினால் சரியான இலக்கம் வராதெண்டு. ரெண்டு நிமிசம் விடுங்கோ. இப்பிடிக் கமக்கட்டுக்க வைச்சிருந்தால் சரியாப்போம்.

எனக்கு முதல் எத்தினை பேர் வந்திட்டினம்? ஆறு பேரோ. அப்ப என்னோட சேத்து இன்னும் பதினாறு. றஞ்சிதம் அக்கா இருந்திருந்தால் பதினேழு.

கூடக் கதைக்கிறன் என்ன. எனக்குப் பயம் வந்தால் வாய் நிக்காது மிஸ். சண்டை நேரம் செல்லடிக்க பங்கருக்க இருந்தும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தனான் எண்டு அம்மா சொல்லுவா. உங்களுக்கில்லை, கைப்பிடி எவ்வளவு எண்டு அளக்கிற இந்தச் சாமானுக்குத்தான் பயம். இதின்ர சரியான பேர் என்னவோ, நாங்கள் இதுக்குக் கொடுக்கு எண்டுதான் சொல்லுறது. காலமை தொடக்கம் பின்னேரம்மட்டும் நாங்கள் நண்டின்ர கொடுக்கை உடைக்கிறம், இது வந்து எங்களை உடைக்குது எண்டு சிவலட்சுமி அக்கா ஒருநாள் பகிடி விட்டவ. அந்த நேரம் சிரிச்சனாங்கள்.

றஞ்சிதம் அக்காவை ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தனீங்களோ? இல்லையோ. நான் நேற்றுப் பின்னேரம் போனனான். முழங்காலுக்குக் கீழ முழுக்கக் கட்டு. போர்வை முட்டக்கூடாதெண்டு காலுக்கு மேல கூடுமாதிரி ஒரு கம்பி வளைச்சு வைச்சிருக்கினம். அந்த நோவுக்குள்ளயும் அவ என்ன கேட்டவ தெரியுமோ? கீழ விழுந்த நண்டு எத்தினை கிலோ, எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டினமோ எண்டு. இல்லையக்கா, கழுவி எடுத்தாச்சு எண்டு பொய் சொன்னனான். அதுக்குப் பிறகுதான் தலையைத் தலையணியில சாய்ச்சவ.

உங்களுக்கு என்ன மாதிரிச் சொல்லியிருக்கினம்? கதைச்சுக்கொண்டு கொதிதொட்டிக் கூடையைத் தூக்கினவவோ. அலெக்ஸாண்டர் அண்ணை அப்பிடித்தான் எழுதியிருக்கிறார், எங்கட சூப்பவைசர். மிஸ், றஞ்சிதம் அக்கா வேலைக்க கதைக்கிற ஆளே இல்லை. மாஸ்க்குக்க வாய் அசையும். தெரியாத ஆள் பாத்தால் கதைக்கிறா எண்டுதான் நினைக்கும். அவ செபமாலை சொல்லுறவ. ஒரு நண்டுக்கு ஒரு பத்து. ஓட்டைக் கழட்டி, கத்தி விட்டு, சதையை எடுத்து, ஓட்டுத்துண்டு கிடக்குதோ எண்டு தடவிப் பாத்து, தட்டில வைக்க, பத்து அருள் நிறைந்த மரியே முடியும். ஐஞ்சு நண்டுக்கு ஒரு முழுச் செபமாலை முடிஞ்சுபோம். நீங்கள் போனமுறை போனைப் பிடிச்சுப் படமெடுத்து எங்கட மணிக்கட்டு எத்தினைதரம் மடியுதெண்டு எண்ணினீங்களெல்லே. அவ அதைப் பத்து வரியமா எண்ணிக்கொண்டுதான் நிக்கிறா.

போன வரியம் தொடக்கம் கணக்குச் சரிவருதில்லை எண்டு சொன்னவ. ஒரு நண்டு முடியமுதல் ரெண்டாம் பத்துத் துவங்கிடுதாம். செபம் அதே வேகத்திலதான் போகுது, கை பின்னுக்கு நிக்குது. சிரிச்சுக்கொண்டு சொன்னவ, மாதாவுக்கு லாபம்தானே பிள்ளை எண்டு.

இல்லை மிஸ், உங்களிட்ட எப்பிடிச் சொல்லுவா. உங்கட பேப்பரில ஒரு மனிசப் படம் கீறிக் கிடந்தது, நோகிற இடத்தில புள்ளடி போடச் சொல்லி. அவ காலில போட்டவ. நாங்கள் எல்லாரும் காலிலதான் போட்டம். ஒருத்தி முதுகில போடப் போக, பக்கத்தில நிண்டவள் கையைத் தட்டிவிட்டவள். கால் நோகுது எண்டால் ஒருத்தரும் வீட்ட அனுப்பமாட்டினம். இஞ்ச கையாலதானே வேலை.

ஓம், அதுக்குத்தான் எங்களுக்குக் கால் வைக்கிற பலகை வந்தது. அதைக் குறை சொல்லேல்ல. ஒரு காலை ஏத்தி வைச்சு மாறி மாறி நிக்க இடுப்புக்கு எவ்வளவு சுகம். மேசையை உயர்த்தினதும் நல்லது, குனியிறது குறைஞ்சிட்டுது. கத்திப் பிடிக்கு றப்பர்க் குழாய் கொழுவித் தந்தனீங்கள், ஒருத்தரும் கேக்காமலே. சோதிக்க வாற மற்றவையும் பாத்திட்டுப் போறவைதான், அவை எங்களைப் பாக்கிறதில்லை, நண்டைத்தான் பாக்கிறது. நீங்கள் வந்து எங்கட முழங்கை எவ்வளவு உயரத்தில நிக்குதெண்டு ரேப் பிடிச்சு அளந்தீங்கள். அந்த மாதிரி ஒரு ஆளிட்டப் போய்… சரி, விடுங்கோ.

கொஞ்சம் பொறுங்கோ. சத்தம் கேக்குதோ? சப்பாத்துச் சத்தம்.

போயிட்டார். அலெக்ஸாண்டர் அண்ணை நடந்தால் வாளிக்க கல்லுப் போட்டு ஆட்டினமாதிரி. இப்ப எத்தினை மணி மிஸ்? பன்னிரண்டரையோ. ரெண்டு மணிக்கு அவர் ஆஸ்பத்திரிக்குப் போறார். உங்களுக்குச் சொல்லேல்லையோ? றஞ்சிதம் அக்காவிட்டக் கையெழுத்து வாங்கப் போறார், என்ர கவனயீனத்தாலதான் நடந்தது எண்டு. கடிதம் அடிச்சாச்சு, கந்தோருக்க மேசையில கிடக்கிறதைத் தேத்தண்ணி கொண்டுபோன பிள்ளை கண்டவள். அதில கையெழுத்து வைச்சால் அவவுக்கு இஞ்ச வேலையும் இல்லை, பிறகு வாய் திறந்து ஒண்டும் கேக்கவும் ஏலாது. அவ வைப்பா. வாசிக்காமலே வைப்பா. உண்மையைச் சொன்னால் வேற ஆக்களின்ர வேலையும் சேந்து போயிடும் எண்டு அவவுக்குத் தெரியும்.

என்ன உண்மை எண்டோ. சொல்லுறன். கை இன்னும் குளிருது.

அது நடந்த வியாழக்கிழமை நான் நிக்கேல்ல மிஸ். மகளின்ர பள்ளிக்கூடத்தில கூட்டம், அரை நாள் லீவு எடுத்திட்டன். ஆ? பதினேழுக்கு அண்டைக்கு முழுநாள் வரவு போட்டுக் கிடக்குதோ. ஓம், ஓம். நிண்டனான். அது வேற வியாழன். அக்கான்ர மகளின்ர பள்ளிக்கூடம், எனக்கெங்க மகள். இந்த நாலைஞ்சு நாளா நித்திரையில்லை, எல்லாம் குழம்பிப்போய்க் கிடக்கு.

ஆக்கள் சொன்னதையும் சேத்துச் சொல்லுறன். முந்தி அவிக்கிற தொட்டிக்க இருந்து கூடை தூக்கினது ரெண்டு பெடியள். பெரிய கூடை. ஒருத்தன் கட்டாருக்குப் போட்டான், மற்றவன் தனியத் தூக்கேலாதெண்டு நிண்டிட்டான். அதுக்குத்தான் உங்களைக் கேட்டவை. நீங்கள் கூடையைச் சின்னனாக்கினீங்கள், பன்னிரண்டு கிலோவுக்கு மேல போடக்கூடாதெண்டு உள்ளுக்கச் சிவப்புக் கோடு கீறினீங்கள். சதை எடுக்கிற பொம்பிளையளில பிடி நல்ல ஆக்கள் மட்டும் மாறி மாறி அரை மணித்தியாலம் அங்க நிக்கட்டும், நாள் முழுக்கச் சின்னக் கத்தியைக் கிள்ளிப் பிடிச்ச விரலுக்கு அது ஒரு ஆறுதல் எண்டு விளங்கப்படுத்தினீங்கள். நல்ல கதைதான். எனக்கு விளங்கினது. பிடி முப்பது கிலோவுக்குக் கீழ வந்த ஒருத்தரையும் அந்தப் பக்கம் விடக்கூடாதெண்டும் எழுதினீங்கள்.

லிஸ்ற்றில முதல் பேர் றஞ்சிதம் அக்கா. முப்பத்தாறு. சுவரில ஒட்டின அண்டைக்கு எல்லாரும் அவவைச் சுத்தி நிண்டு பகிடி. அம்பத்திரண்டு வயதில முதலாம்பிள்ளை வந்திட்டா, மிட்டாய் தாங்கோ எண்டு. மாஸ்க் போட்ட ஆள் சிரிச்சால் கண்ணிலதான் தெரியும் மிஸ். நான் அவவின்ர கண்ணைப் பாத்தனான்.

மூண்டு கிழமை ஒண்டும் நடக்கேல்ல. ஏன் நடக்கேல்ல எண்டு பிறகு சொல்லுறன். வியாழக்கிழமை அவ தானே தூக்கினவ. கூடை தண்ணிக்கு மேல வந்திட்டுதாம். திரும்பப் போக, ஒரு பக்கப் பிடி கையில இருந்து கழண்டு, கொஞ்ச நண்டு நிலத்தில கொட்டுப்பட, கூடை திரும்பத் தொட்டிக்க விழுந்திட்டுது. கொதிதண்ணி எத்துப்பட்டு அப்பிடியே சப்பாத்துக்குள்ள. முழங்கால்மட்டும் வாற றப்பர்ச் சப்பாத்து, தண்ணி உள்ள போகக்கூடாதெண்டு தந்தது. உள்ள போனால் வெளியில வராது. அவ நிலத்தில இருந்துகொண்டு சப்பாத்தை இழுக்கிறாவாம். கை பிடிக்குதில்லை. இழுக்க இழுக்க விரல் கழண்டு கழண்டு வருது. என்ன செய்யிறா எண்டு மற்றாக்களுக்கு விளங்கி ஓடிவர, ரெண்டு அருள் நிறைந்த மரியே சொல்லுற நேரம். அவ்வளவு காணும்தானே.

ஓம். அதைத்தான் நானும் யோசிக்கிறன், முப்பத்தாறு அமத்திற கை எப்பிடிப் பன்னிரண்டு கிலோவை விட்டதெண்டு. அதைத்தான் ரெண்டு நாளா இருந்து கணக்குப் பாக்கிறீங்களோ? அந்தக் கொப்பி முழுக்க அதுதானோ?

இல்லை மிஸ், உங்கட கணக்குப் பிழையெண்டு எழுதாதேங்கோ. அப்பிடி எழுதினால் நாளைக்கே மேசையைப் பழையபடி கீழ பதிப்பினம், பலகையைத் தூக்கி வெளியில போடுவினம். வேற ஒரு ஆள் வந்து எங்களை அளக்கப்போறதில்லை. நீங்கள் சின்ன ஆள். உங்களுக்கும் இதுதானே சாப்பாடு.

உங்களுக்கு இன்னொண்டு சொல்லவேணும். நீங்கள் கார்த்திகையில வந்த நேரம் ஹோலுக்க ஒரு கதை வந்தது. சிவலட்சுமி அக்காவின்ர ஊர்ப் பிள்ளை ஒண்டு வேலைசெய்த தையல் பக்டரியில ஆரோ வந்து கைப்பிடி அளந்தவையாம், ரெண்டு மாதத்தில பிடி குறைஞ்ச ஆக்களுக்கெல்லாம் வேலை இல்லையெண்டு கடிதம் வந்ததாம். உண்மையோ பொய்யோ, அந்தப் பிள்ளையை எங்களில ஒருத்தரும் கண்டதில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலே கதை எல்லா மேசைக்கும் போட்டுது. கண்ணாடிக்குள்ளால பாக்கிறம், நீங்கள் பெட்டியைத் திறந்து இதை எடுத்து மேசையில வைக்கிறீங்கள். அண்டைக்கு ஒருத்தரும் சோத்துப் பார்சல் அவிழ்க்கேல்ல.

எங்கட கை எங்களுக்குத் தெரியும்தானே. இரவில விறைச்சு முழிப்பு வரும், உதறினால்தான் உயிர் வரும். போத்தல் மூடி திறக்க வீட்டில ஆரையும் கூப்பிடவேணும். பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னேலாது. அது வீட்டுக்கதை. அதை இலக்கமா மாத்தி எழுத ஒரு மெசின் இருக்கெண்டு எங்களுக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

எங்களுக்க ஒருத்தி இருக்கிறாள், நிறஞ்சலா எண்டு. பதினாலாம் இலக்கம், பள்ளிமுனை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், முப்பத்தைஞ்சு அமத்தினவள். நல்ல கை எண்டு நீங்கள் சொன்னனீங்கள். புருசன் கொன்ஸ்ரன்ரைனோட பதினைஞ்சு வரியம் வலை இழுத்தவள், இஞ்ச வந்து நாலு வரியம்தான். அதால அவளின்ர கை இன்னும் பழுதாகேல்ல. நல்ல கை எண்டு அதுக்கு முதல் ஒருத்தரும் அவளுக்குச் சொன்னதில்லை. புருசன் ஒருக்கால் சொன்னவர், அது கன்னத்தில வாங்கினபிறகு. நீங்கள் சொன்னதைக் கொண்டுபோய் ஹோல் முழுக்க முப்பத்தைஞ்சு முப்பத்தைஞ்சு எண்டு சொல்லித் திரிஞ்சாள் விசரி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் றஞ்சிதம் அக்கா அவளைத் தேடிக் கழுவிற அறைக்கு வந்திருக்கமாட்டா.

ஏன் வந்தவ எண்டோ. அதை நிறஞ்சலாவிட்டத்தான் கேக்கவேணும். அவள் இண்டைக்கு இன்னும் வரேல்லத்தானே. வருவாள்.

அந்தப் பேப்பரில என்ன மிஸ், பதினேழுக்கு வட்டம் போட்டுக் கிடக்கு? இஞ்சால திருப்புங்கோ. திங்கட்கிழமையில இருந்தோ. தொட்டிக்கோ. றஞ்சிதம் அக்காவின்ர இடத்துக்கு மதுஷிகாவோ. ஓம் ஓம், நான்தான். நானோ எண்டு கேட்டனான். மனேஜர் ஐயா சொன்னவரோ. முந்தி முப்பத்திநாலு வந்தது, இண்டைக்கும் முப்பதுக்கு மேல வந்தால் நீங்கள் கையெழுத்துப் போடவேணும். அப்பிடியோ. அதுதானோ முதல் கேள்விக்கே வயதைக் கேட்டனீங்கள், இளம் ஆள் எண்டு பாக்க.

எனக்குக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ மிஸ்?

தண்ணி குடிக்கிறதெண்டால் மாஸ்க்கைக் கழட்டவேணும் என்ன.

ஓம். இருபத்திநாலு மாதிரித் தெரியேல்லத்தான். நாப்பத்தொண்டு. அந்த முப்பத்திநாலை வெட்டிவிடுங்கோ, அது மதுஷிகாவின்ர கை இல்லை, என்ர. றஞ்சிதம் அக்காவின்ர முப்பத்தாறும் என்ர கைதான். சிவலட்சுமி அக்காவின்ர முப்பத்தொண்டும். நீங்கள் அண்டைக்கு மூண்டு நாளும் அளந்த இருபத்திமூண்டு பேரில பதினொரு பேர் நான். என்னையும் சேத்தால் பன்னிரண்டு.

கஷ்டமில்லை மிஸ், சரியான லேசு. கழுவிற அறைக்க காட்டை மாத்திக் கொழுவிறது, தொப்பியைக் கொஞ்சம் இறக்கிறது, வாறது. நீங்கள் காட்டைப் பாப்பீங்கள், பிறகு முள்ளைப் பாப்பீங்கள். ஒருக்கால் மட்டும் உங்களை எங்கயோ பாத்தமாதிரிக் கிடக்கு எண்டு சொன்னனீங்கள். நான் தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டன், அண்டைக்கு வாய் திறக்கேல்ல. வெளியில வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சம். எல்லாருக்கும் ஒரே இலக்கம் வந்தால் பிடிபட்டுப்போவம் எண்டு ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் விட்டு விட்டு அமத்தினன். மதுஷிகா இளம்பிள்ளை, அவளுக்குக் கொஞ்சம் கூட. இளம்பிள்ளைதான், ஆனால் மணிக்கட்டில நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி, துணி சுத்தாமல் கத்தி பிடிக்கமாட்டாள். றஞ்சிதம் அக்காவுக்கு அவ்வளவு வந்திருக்கத் தேவையில்லை. வயது போன ஆள், முதல் அவவைத்தான் நிப்பாட்டுவினம், பாவம் எண்டு நினைச்சு அவவுக்கு மட்டும் மூச்சைப் பிடிச்சு அமத்தினன்.

அதுதான் லிஸ்ற்றில முதலாவதா வந்தவ.

மூண்டு கிழமையும் அவவின்ர முறை வரேக்க காட்டை மாத்திப்போட்டு நான்தான் தூக்கினனான். அலெக்ஸாண்டர் அண்ணைக்கும் காட்டைத்தான் தெரியும், எங்களைத் தெரியாது. வியாழக்கிழமை டினோஜாவின்ர பள்ளிக்கூடத்தில கூட்டம். என்ர மகள்தான். ஓயெல் சோதினை வகுப்பு, தாய் தகப்பன் வராட்டி உள்ள விடமாட்டம் எண்டிட்டினம். போட்டு வா பிள்ளை, ஒருநாள்தானே, நான் சமாளிப்பன் எண்டு சொன்னவ. நானும் ஒருநாள்தானே எண்டு போயிட்டன்.

வேலை போகாது எண்டு சொல்லாதேங்கோ மிஸ். உங்களுக்குத் தெரியாதுதானே. தெரியாததை இனி ஒருத்தரும் சொல்லவேண்டாம். இன்னும் ஒன்பது காட் இந்தப் பொக்கற்றுக்க கிடக்கு, பாருங்கோ. காலமை பைசர் நானா ஓட்டிற வானில வேலைக்கு வரேக்க தந்தவை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல, கோயில்ல காணிக்கைத் தட்டு வரேக்க போடுறமாதிரி ஒவ்வொருத்தரா என்ர மடியில போட்டிட்டு ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு இருந்தவை. நானும் வாங்கினனான். அமத்திறதெண்டுதான் இதுக்குள்ள வந்தனான். வாயை மூடிக்கொண்டு அமத்திப்போட்டு வா எண்டுதான் கொன்ஸ்ரன்ரைனும் சொல்லி விட்டவர். வெளியில நிக்கிறவையின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கப்போறனோ தெரியாது. அவையும் என்னைப் பாத்துப் பயப்பிடப்போகினம்.

நீங்கள் ரெண்டு மணிக்கு முதல் ஆஸ்பத்திரிக்குப் போவீங்களோ? நானும் வாறன். அவவுக்கு நான்தான் சொல்லவேணும், கையெழுத்து வைக்கவேண்டாம் எண்டு. உங்கட கொப்பியில எழுதிப்போட்டு வாங்கோ, நான் சொன்னனான் எண்டு பேர் போட்டே எழுதுங்கோ. நிறஞ்சலா. பெரிய ற.

போறதுக்கு முதல் மதுஷிகாவை அளந்திடுங்கோ. அவள் கழுவிற அறைக்க காட் இல்லாமல் நிக்கிறாள், இந்நேரம் அழுதுகொண்டு நிப்பாள். சரியான இலக்கம் ஒண்டாவது கொண்டு போவம். பதினைஞ்சோ பதினாறோ வரும், அதுக்கு மேல வராது. கூப்பிடுறன்.

மதுஷிகா. இஞ்ச வா பிள்ளை. மாஸ்க்கைக் கழட்டிப்போட்டு வா. ஒண்டுமில்லை, நான் சொல்லிட்டன். வா எண்டுறன்.

பொறுங்கோ மிஸ், நான் எழும்பிறன். இந்தக் கதிரை கீழ பதியிறது எதால, இந்தத் தடியாலயோ? அவள் கட்டை, கால் நிலத்தில முட்டாது. இந்தா, இவ்வளவு காணும். இரு.